தலைப்பை நிரப்பும் உரிமை: பெயர்த் தீர்வு நூலகங்களில் பாக்கெட் தலைப்பின் சரித்திரம்

புது தில்லியின் மத்தியச் செயலகக் காரியாலயங்களில் பணிபுரிந்தவர்கள் நன்கறிந்த சம்பிரதாயம் ஒன்று உண்டு. ஓர் இலாகாவிலிருந்து மற்றோர் இலாகாவுக்குச் செல்லும் கடிதம், தன் விஷயத்தைச் சொல்லத் தொடங்குமுன், தன் எண்ணையும் நாளையும், எந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதப்படுகிறதோ அதன் எண்ணையும் நெற்றியில் தாங்கியிருக்க வேண்டும். எண் பொருந்தாத பதில் எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் உரிய கோப்பில் சேராது. இணையத்தில் ஒரு பெயரைக் கொடுத்து அதற்குரிய எண் முகவரியைக் கேட்டுப் பெறும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டிலும் இதே சம்பிரதாயம் நிலவுகிறது. அங்கே இந்த நெற்றிக் குறிப்பை இடுவது யார், நிரல் எழுதுபவரா அல்லது அவர் துணைக்கழைக்கும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான நூலகமா என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினிகளின் பெயர்களையெல்லாம் ஒரே பட்டியலில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவந்த பழைய முறை தாளாமற்போனபோது, பால் மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 என்ற இரு ஆவணங்களில் புதிய ஏற்பாட்டை வகுத்தார். 1987 நவம்பரில் வெளிவந்த 1034-உம் 1035-உம் அதை நிலைபெறச் செய்தன. அவற்றின்படி, வினாவையோ விடையையோ சுமந்து செல்லும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பும், அதாவது அந்த நெற்றிக் குறிப்பும், 12 பைட்டுகள், அதாவது பதினாறு பிட் கொண்ட ஆறு எண்கள். முதலாவது அடையாள எண். இரண்டாவது, இது வினாவா விடையா, விடையெனில் அதிகாரபூர்வமானதா, இடமின்றித் துண்டிக்கப்பட்டதா, விளைந்த பலன் என்ன என்பவற்றைக் கூறும் கொடிகளின் தொகுதி. மற்ற நான்கும், பின்வரும் நான்கு பகுதிகளில் எத்தனை உருப்படிகள் உள்ளன என்ற கணக்கு. இந்த 12 பைட்டுகளின் அளவு இன்றுவரை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே சரித்திரம் பாக்கெட்டில் நிகழவில்லை. அதை வாசிக்கும் நூலகத்தில் நிகழ்ந்தது.

முதற்கட்டம் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர் நால்வர் எழுதத் தொடங்கிய பைண்ட் என்னும் டி.என்.எஸ். சர்வர் மென்பொருளுக்கும் அதனோடு வந்த சி மொழி நூலகத்துக்கும் உரியது. தலைப்பை அவர்கள் பிட்டுப் பிட்டாகப் பிரித்த ஒரு கட்டமைப்பாக வருணித்து, வந்த பைட்டுகளின்மேல் அப்படியே பொருத்தினர். பார்வைக்கு இது நேர்த்தியான உபாயம். ஆனால் வாக்ஸ் இயந்திரம் சிறிய பைட்டை முதலில் வைக்கும். சன் நிறுவனத்தின் அக்கால இயந்திரங்கள் பெரியதை முதலில் வைக்கும். பிட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதோ கம்பைலரின் சித்தத்தைப் பொறுத்தது. ஆதலால் ஒரே தலைப்புக்கு இருவேறு வரிசைகளை அடுத்தடுத்து எழுதிவைத்து, எந்த இயந்திரமோ அதற்கேற்றதைத் தேர்ந்துகொள்ளும் நிபந்தனைகளைச் சேர்க்க நேர்ந்தது. ஒரு பொருளை வருணிக்க அதற்கு இரண்டு கண்ணாடிப் பிம்பங்கள் வேண்டியிருந்தன என்பதே, வருணனை தவறான இடத்தில் நின்றது என்பதற்குச் சான்றென்று எனக்குத் தோன்றுகிறது. பைண்டின் எட்டாம் பதிப்புக்குரிய நூலகம், பதினாறு பிட்டையும் ஒரே எண்ணாக எடுத்து, வேண்டிய கொடியை மறைப்பாலும் நகர்த்தலாலும் பிரித்தெடுக்கும் வழிக்கு வந்தது.

இரண்டாம் கட்டத்துக்கு, மைக்கேல் ஃபூர் 1997-இல் பெர்ல் மொழிக்கு எழுதிய நெட்-டி.என்.எஸ். நூலகம் சிறந்த உதாரணம். அதில் தலைப்பு ஒரு தனிப் பொருள். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு பெயர். பெயரைச் சொல்லி வாசிக்கலாம், மதிப்பைக் கொடுத்து மாற்றலாம். இயந்திரத்தின் பைட் வரிசை பற்றிய கவலை நிரலருக்கு இல்லாமற்போனது. ஆனால் மாற்றும் உரிமை முழுவதும் அவர் கையிலேயே இருந்தது. அதன் விபரீதங்களும் அங்கிருந்தே பிறந்தன.

முதல் விபரீதம் அடையாள எண்ணைப் பற்றியது. எண் பொருந்தினால் பதில் ஏற்கப்படும் என்பது விதியாதலால், எண்ணை ஊகித்தவன் பொய்ப் பதிலையும் ஏற்கச் செய்துவிடலாம். பைண்ட் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே எண் இட்டதை 1997-இலேயே செர்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. எச்சரிக்கை ஒரு வீட்டில் ஒலித்தால் அடுத்த வீட்டில் கேட்பதில்லை போலும்: பெர்ல் நூலகத்தின் தலைப்புக் கோப்பு 2007 வரை அதே வழியில்தான் எண் இட்டுவந்தது. அதிலும் ஒரு விசேஷம். ஒரு சர்வர் தன்னைப்போல் பல சேய்களைக் கிளைத்தால், தாயின் நினைவகம் அப்படியே நகலாவதால், எல்லாச் சேய்களும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து புறப்பட்டன. குப்பை அஞ்சலை வடிகட்டும் மென்பொருள்களில் இது வெளிப்பட, 0.60 பதிப்பு இதைத் திருத்தியது.

மறு வருஷம், 2008 ஜூலையில், பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கியின் கண்டுபிடிப்பு வெளியாயிற்று: எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தாலும் பதினாறு பிட்டில் அடங்குபவை 65,536 எண்களே, இல்லாத பெயர்களை மேன்மேலும் கேட்கச் செய்து, முயற்சிகளைப் பெருக்கி, அந்த எண்ணிக்கையையும் வென்றுவிடலாம். தலைப்பில் இடமில்லாமையால் பரிகாரம் தலைப்புக்கு வெளியே தேடப்பட்டது. வினா புறப்படும் போர்ட் எண்ணையும் தற்செயலாக்கினர். கடித எண்ணோடு, எந்த ஜன்னலில் பதிலைக் கொடுக்கவேண்டும் என்பதையும் இரகசியமாக்கியதற்கு இது ஒப்பு.

அடுத்த விபரீதம் தலைப்பின் நான்கு கணக்குகளைப் பற்றியது. நிரலர் விடைப் பகுதியில் இரண்டு பதிவுகளை வைத்துவிட்டு, தலைப்பில் மூன்றென எழுத முடிந்தால் எது உண்மை? பெர்ல் நூலகத்தின் பிற்காலப் பதிப்புகள் இதற்குத் தயக்கமின்றி விடை கூறின: கணக்கு என்பது பகுதிகளை எண்ணிச் சொல்லப்படுவதே, அதை வாசிக்கலாம், எழுதலாகாது, எழுத முயன்றால் எச்சரிக்கை வரும். தலைப்பு தனிப் பொருளாயிருந்த நிலை மாறி, பாக்கெட்டைப் பார்க்கும் ஒரு சாளரமாயிற்று. வாசிக்கும் நிரலும் எளிமையடைந்தது. கொடிப் பைட்டுகள் இரண்டையும் தனித்தனியே எடுத்த பழைய வழி போய், ஆறு எண்களும் ஒரே மூச்சில் பிரிக்கப்படுகின்றன.

இன்னொரு புறம், சாளரம் தலைப்பைவிடப் பெரிதாகவும் ஆயிற்று. பலன் குறிக்கும் நான்கு பிட்டில் 16 மதிப்புகளே அடங்கும். 1999-இல் வந்த இ.டி.என்.எஸ். விரிவாக்கம் மேலும் எட்டு பிட்டைப் பாக்கெட்டின் கடைப்பகுதியில், ஒரு போலிப் பதிவுக்குள் வைத்தது. தலையில் நான்கும் வாலில் எட்டுமாகச் சிதறிய மதிப்பை, நூலகம் ஒரே பன்னிரண்டு பிட் எண்ணாகக் கூட்டித் தலைப்பின் பெயரிலேயே வழங்குகிறது.

நூலகம் இவ்வளவு மாறியும் தலைப்பு மாறாததை நம் நாட்டுப் பெயர்களிலேயே காணலாம். இந்தியாவின் .இன் என்னும் மேல்நிலைப் பெயர் 1989-இல் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 2005 முதல் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட நிக்ஸி ஸ்தாபனத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. தமிழில் எழுதப்படும் .இந்தியா என்ற பெயரும் அதன் வசமே. கரோல்பாகில் குடியிருக்கும் ஒரு தமிழர் அந்தப் பெயரில் முடியும் முகவரியைத் தட்டினால், தமிழ் எழுத்துகள் பியூனிகோடு என்னும் முறையால் ரோமன் எழுத்துச் சரமாக உருமாறிப் பயணப்படுகின்றன. தலைப்போ எந்த மொழியின் வினாவைத் தாங்குகிறோம் என்றறியாமல் அதே ஆறு எண்களோடு முன்செல்கிறது. அந்தத் தலைப்பின் கொடித் தொகுதியில், 1987-இல் வருங்காலத்துக்கென ஒதுக்கி, பூஜ்யமாகவே விடவேண்டுமென்று விதித்த பிட்டுகள் மூன்று. அவற்றில் இரண்டை, கையொப்பமிட்ட விடைகளைச் சரிபார்க்கும் டி.என்.எஸ்.செக் முறை பின்னாளில் எடுத்துக்கொண்டது. மூன்றாவது இன்னும் ஒருவருக்கும் வழங்கப்படவில்லை.