தெரு வாடகையில் ஓடிய தொலைக்காட்சி

அமெரிக்க நகரங்களில் 'பப்ளிக் ஆக்சஸ்' என்று ஒரு வகை கேபிள் சேனல் உண்டு. ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் போய், கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, நிகழ்ச்சி எடுத்து ஒளிபரப்பலாம். முதலில் வருபவருக்கு முதல் இடம். சரி, இதற்குக் காசு எங்கிருந்து வந்தது?

தெருவிலிருந்துதான்.

கேபிள் கம்பெனி வீடு வீடாக ஒயர் இழுக்கணும்னா, தெருவைத் தோண்டணும், இல்லைன்னா கம்பத்தில் கட்டணும். தெரு பொதுச்சொத்து. அதனால் நகராட்சி ஒரு ஒப்பந்தம் போட்டு உரிமம் கொடுத்தது, பதிலுக்கு வாடகை கேட்டது. இதுதான் ஃப்ரான்சைஸ். சில நகரங்கள் காசோடு நிற்காமல், சில சேனல்களை மக்களுக்கு ஒதுக்கச் சொல்லியும் கேட்டன. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் அப்படி ஒதுக்கிய சேனல்கள் 1971 ஜூலையில் ஓட ஆரம்பித்தன.

சேனல் இருந்தால் போதுமா? படம் பிடிக்க ஆள் வேண்டாமா? இங்கேதான் ஜார்ஜ் ஸ்டோனி வருகிறார். கனடாவில், மக்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே படமாக்கிப் பேசும் ஓர் அரசுத் திட்டத்தை நடத்திவிட்டுத் திரும்பியிருந்த ஆவணப்பட இயக்குநர். 1971-இல் ரெட் பர்ன்ஸ் என்ற பெண்மணியோடு சேர்ந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 'ஆல்டர்நேட் மீடியா சென்டர்' தொடங்கினார். தோளில் மாட்டிக்கொண்டு போகும் சோனி போர்ட்டாபேக் வீடியோ கருவி அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. சாதாரண ஆட்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தார்கள்.

1972-இல் மத்திய தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., பெரிய சந்தைகளில் இத்தகைய சேனல்களைக் கட்டாயமாக்கியது. ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 1984-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நகராட்சி விரும்பினால் பொதுமக்கள், கல்வி, உள்ளாட்சி ஆகிய மூன்றுக்கும் சேனல் கேட்கலாம். அதன் உள்ளடக்கத்தில் கம்பெனி கை வைக்கக்கூடாது. ஆனால் வாடகை, கேபிள் வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேமரா, கட்டடம் மாதிரியான மூலதனச் செலவை அந்த 5-க்கு மேலேயும் வாங்கலாம். சம்பளத்துக்கு அப்படி வாங்க முடியாது. அந்த 5 சதவீதமும் நகராட்சியின் பொதுக் கணக்கில் விழலாம். நிலையத்துக்கே தரணும்னு கட்டாயமில்லை. ஆக, அருமையான ஸ்டுடியோ இருக்கும், இயக்க ஆள் வைக்கக் காசு இருக்காது. எந்தக் கவுன்சிலின் கூட்டத்தை நிலையம் ஒளிபரப்புகிறதோ, அதே கவுன்சிலிடம்தான் பட்ஜெட்டுக்குப் போய் நிற்கணும்.

யாருக்கும் திறந்த கதவு என்றால் யாரும் வருவார்கள். கன்சாஸ் சிட்டியில் கு க்ளக்ஸ் க்ளான் இனவெறி அமைப்பு தன் நிகழ்ச்சியைப் போடக் கேட்டது. 1988-இல் நகர கவுன்சில் அந்தச் சேனலையே எடுத்துவிட்டது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்தார். 1989-இல் சேனலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நமக்குப் பிடிக்காதவனை வெளியேற்ற, எல்லோருக்கும் கதவை மூட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஏற்பாட்டை அசைத்தது வெறுப்புப் பேச்சு அல்ல, கணக்கு. 2005-இல் டெக்சாஸும் 2006-இல் கலிஃபோர்னியாவும் உரிமம் வழங்கும் வேலையை நகரங்களிடமிருந்து மாநிலத்துக்கு மாற்றின. நகராட்சியின் பேரம் பேசும் பலம் அதோடு போச்சு. 2019-இல் எஃப்.சி.சி., பள்ளிகளுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் கம்பெனி தரும் இலவச இணைப்பு போன்றவற்றின் மதிப்பையும் அந்த 5-க்குள் கழித்துக்கொள்ளலாம் என்றது.

ஆனால் பெரிய அடி வேறு. மென்பொருள்காரன் பார்வையில் சொன்னால், வாடகையைத் தவறான அடுக்கில் கட்டிவிட்டார்கள். தெருவில் கிடப்பது ஒயர். ஆனால் 5 சதவீதம் அதில் ஓடும் கேபிள் டிவி வருமானத்துக்கு மட்டும்தான். அதே ஒயரில் வரும் இணையத்துக்குக் கிடையாது. வீட்டுக்காரர் கேபிளை வெட்டிவிட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறினால், ஒயர் அங்கேயே இருக்கும், வாடகை மட்டும் நின்றுபோகும். நெட்ஃப்ளிக்ஸிடம் கேட்டுப் பார்த்த நகரங்களுக்கும் பெரும்பாலும் தோல்விதான். 2022-இல் ஓஹாயோ உச்ச நீதிமன்றமும் முடியாது என்றுவிட்டது.

'அதான் யூடியூப் இருக்கே' என்று கேட்கலாம். பேச இடம் அங்கே நிச்சயம் உண்டு. ஆனால் உள்ளூர்ப் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு கேமராவோடு போய் உட்கார ஒரு ஆள் வேணும், அவருக்குச் சம்பளம் வேணும். தெரு வாடகை கொடுத்தது அதைத்தான். அதற்கு மாற்றாக ஒரு வருமானத்தைப் பல ஊர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.