கிளை கழிப்போர் வரலாறு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் தலைவர்களையும் போராட்டங்களையும் முதற்கண் கூறுவர். அதுவே முறை. ஆயினும் நம் கல்விக் கழகத்தின் இவ்வெள்ளிவிழா மலரில், வரலாற்று நூல்களில் இடம்பெறாத ஒரு தொழிலாளர் கூட்டத்தைப் பற்றி எழுத விழைகின்றேன். மின்கம்பிகளை உரசும் மரக்கிளைகளைக் கழிப்போரே அவர்கள். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் நம் குடியிருப்புகளிலிருந்து இப்பணிக்குச் சென்றவர் பலர். இம்மலரைப் படிக்கும் மாணவர்களில் சிலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் அவர்களுள் இருக்கக்கூடும்.

இத்தொழில் மின்சாரத்தோடு தோன்றியதன்று. 1856-இல் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா சாலை வரை தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பாதைகளின் ஓரமாகத் தந்திக்கம்பிகளும் நீண்டன. கம்பி சென்ற இடமெல்லாம் மரம் ஓர் இடையூறாயிற்று. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்திக்குத் தடையாக நிற்கும் மரத்தை நடுவர் ஆணை பெற்று அகற்றலாம் என்றது. கம்பி வருமுன்பே நின்ற மரமாயின் அதன் உரிமையாளருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் விதித்தது. நூறாண்டு கடந்து வந்த 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 68-ஆம் பிரிவில் இதே நெறியைப் பின்பற்றியது. இவ்விரு சட்டங்களின் இப்பிரிவுகளையும் படித்துப் பார்த்தேன். மரத்தின் உரிமையாளர் அவற்றில் இருக்கின்றார். கம்பியின் உரிமையாளர் இருக்கின்றார். ஆணையிடும் அதிகாரியும் இருக்கின்றார். மரத்தின் மேல் ஏறுபவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மின்சாரத்தின் வரலாற்றில் நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். மின்துறை அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தாலன்றி இந்நாட்டில் தொழில் வளராது, வறுமையும் நீங்காது என்பது அவர் கொள்கை. அக்காலத்தில் நிகழ்ந்த திட்டமிடலின் தொடர்ச்சியாகவே 1948-இல் மின்வழங்கல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் 1957 ஜூலை முதல் நாள் நம் மாநிலத்தில் மின்வாரியம் அமைந்தது. அதன்பின் ஊர்தோறும் கம்பிகள் சென்றன. புளியும் வேம்பும் புங்கனும் நின்ற சாலைகளில் கம்பங்கள் எழுந்தன. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிளை கழிக்கும் வேலையும் பிறந்தது.

கிளை கம்பியைத் தொடுவதால் என்ன கேடு என்று மாணவர் வினவலாம். பச்சைக்கிளையில் நீரும் உப்பும் உண்டு. மழையில் நனைந்தால் மின்சாரம் அதன் வழியே மேலும் எளிதாகப் பாயும். காற்றில் ஆடும் கிளை இரு கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடும். கம்பி அறுந்து வயலில் விழுந்தால் மறுநாள் காலையில் அவ்வழியே நடக்கும் உழவரும் மாடும் மடிவர். ஆகவே கிளை கழித்தல் ஓர் உயிர்காக்கும் பணியாகும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டரும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டரும் உயர்ந்திருக்க வேண்டும் என்றன. கம்பியைக் கையாளுமுன் அதனை நில இணைப்புச் செய்து எஞ்சிய மின்சாரத்தைப் போக்க வேண்டும் என்றும் கூறின. அவ்விதிகளுக்குப் பின் 2010-இலும் 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை வகுத்தது.

நடைமுறையில் இக்காப்பின் உயிர்நாடி 'லைன் கிளியர்' எனப்படும் அனுமதித் தாளாகும். துணைமின் நிலையத்தில் மின்னோட்டத்தை நிறுத்தி, சுவிட்சைத் திறந்து, சோதித்து, நில இணைப்புக் கொடுத்த பின்னரே, இன்ன பாதையில் இன்ன நாளில் வேலை செய்யலாம் என்று அத்தாள் எழுதித் தரப்படும். பெற்றவரே அதனைத் திருப்பித் தரும்வரை மின்னோட்டம் விடலாகாது.

1983-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவன். என் பெரியப்பா ஓர் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குக் கிளை கழிக்கும் வேலை பார்த்து வந்தார். எங்கள் குடியிருப்பின் எல்லையிலிருந்த புளியமரத்தடியில் அவரும் மூவரும் துரட்டியும் கயிறுமாக நின்றிருந்தனர். மின்சாரம் நிறுத்தியாயிற்று, ஏறு என்றார் மேஸ்திரி. பெரியப்பா தாளைக் கேட்டார். மேஸ்திரி ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை அழைத்து, "தம்பி, இதுல என்ன தேதி போட்டிருக்கு, எந்த ஊரு லைனு, படிச்சுச் சொல்லு" என்றார். நான் படித்தேன். தேதி முந்தைய நாளுடையது. ஊர்ப்பெயரும் வேறு. பெரியப்பா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். மேஸ்திரி அவரை வைத வசைகளை இங்கு எழுத இயலாது. அவ்வாரக் கூலி முழுவதும் அவருக்குக் கிடைக்கவில்லை. மறுவாரம் வேலையும் இல்லை. அன்றிரவு அவர் என் தந்தையிடம், "இவன் படிப்ப மட்டும் நிறுத்திடாதப்பா" என்றார். நான் பட்டம் பெற்று ஆசிரியனானதற்குக் காரணம் கேட்போரிடம் இந்நிகழ்ச்சியையே கூறி வருகின்றேன்.

எழுத்தறியாத அம்மனிதர் தம் தொழிலில் தேர்ந்தவர். முருங்கைக் கிளையை நம்பிக் கால் வைக்கலாகாது; புளியங்கிளை தாங்கும்; காய்ந்த கிளை எந்த மரத்திலும் ஏமாற்றும் என்பார். பெருங்கிளையை வெட்டுமுன் கயிற்றால் கட்டி, அடிப்புறத்தில் சிறு வெட்டுப் போட்டு, பின்னரே மேலிருந்து வெட்டுவார். அவ்வாறு செய்யின் பட்டை உரிந்து அடிமரம் காயப்படாது. மரத்தை மொட்டையடித்தால் அடுத்த ஆண்டு இரட்டிப்பாய்த் துளிர்த்து முன்னிலும் விரைவாகக் கம்பியைத் தொடும், அத்துளிர்க் கிளைகள் காற்றுக்கு நில்லாமல் முறியும் என்பதும் அவர் அறிந்ததே. அமெரிக்க மரவியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ பல்லாயிரம் மரங்களை அறுத்து ஆராய்ந்து, கிளையின் அடியிலுள்ள கழுத்தைச் சிதைக்காமல் வெட்ட வேண்டும் என்று நிறுவினார். அந்நூல்களைப் பின்னாளில் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் நினைவே வந்தது.

1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றியபின் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வளர்ந்தது. இரும்பு உருக்கும் உலைகளும் பிற ஆலைகளும் பெருகின. கிளை கழிப்போரின் இடரும் பெருகிற்று. மின்சாரம் நின்றவுடன் ஆலைகளிலும் கடைகளிலும் மின்னாக்கிகள் இயங்குகின்றன. இணைப்பு முறையாகப் பிரிக்கப்படாவிடின், நிறுத்திய கம்பியிலேயே மின்சாரம் எதிர்வழியாக ஏறிவிடும். ஆகவே வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் நில இணைப்பு வேண்டும். ஆனால் நிறுத்தம் சில மணி நேரமே. அதற்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் முதலில் விடுபடுவது இதுவேயாகும். நிழல் போயிற்று என்று வீட்டுக்காரர் வைவார். மின்சாரம் வரவில்லை என்று தெருவார் வைவர். இரண்டையும் கேட்பவர் மரத்தின் மேல் இருப்பவரே.

தொழிலுரிமையிலும் இதே நிலை. 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி வழங்கிற்று. ஆனால் பெயர் பதியப்படாத தினக்கூலி 480 நாட்களை எதைக் காட்டி மெய்ப்பிப்பார்? 1990-களில் நீதிபதி காலித் ஆணையத்தின் பரிந்துரையால் மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர் பலர் நிரந்தரம் பெற்றனர். 2021-இல் கேங்மேன் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. அதற்கு 5-ஆம் வகுப்புத் தேர்ச்சியும் கம்பம் ஏறும் திறனும் கேட்கப்பட்டன. இவை நற்செயல்களே. ஆயினும் 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் இம்மாவட்டத்தின் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தபோது, தெருத்தெருவாகக் கிளையறுத்து வழிசெய்தவர்களில் தினக்கூலிகளும் இருந்ததை நான் கண்டேன். தலைக்கவசம் அணிந்தவரைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கருதுகின்றன? அமெரிக்காவில் மரப்பணிக்கென்றே பாதுகாப்புத் தரநூல் 1972-இல் வெளிவந்தது. மின்கம்பியோரப் பணிக்குப் பயிற்சி பெறாத எவரும் 50,000 வோல்ட் வரையுள்ள கம்பிக்குப் பத்தடிக்குள் நெருங்கலாகாது என்பது அங்குள்ள விதி. 2003 ஆகஸ்டு 14-இல் ஒஹையோ மாநிலத்தில் கழிக்கப்படாத மரங்களை மின்தடங்கள் தொட்டன. அதிலிருந்து தொடங்கிய தொடர் முறிவில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அதன்பின் அந்நாடு கிளை கழித்தலைக் கட்டாயத் தரமாக்கித் தவறுவோருக்குத் தண்டமும் விதித்தது.

நாம் கேட்பதும் பெரிதன்று. இத்தொழிலுக்கு ஒரு பெயர் வேண்டும். பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். ஏறுபவர் பெயர் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அனுமதித் தாள் அவருக்குப் புரியும் தமிழில் அவர் கையிலேயே தரப்பட வேண்டும். தாள் காட்டாதவிடத்து ஏற மறுப்பவரின் கூலி பறிக்கப்படலாகாது.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் கயிறும் துரட்டியும் எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்பவர் இருந்தால், அவர் கையில் தரப்படும் தாளை நீங்கள் படித்துக் காட்டுங்கள். தேதியையும் பாதையின் பெயரையும் இருமுறை படியுங்கள். அவருக்கும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏற்றி வைத்துள்ள விளக்கு அதற்கும் பயன்படட்டும்.