தேய்மானமா, பட்டினியா? ஒரு சொல்லும் அதன் வரலாறும்

முதுகுவலிக்காக ஊடுகதிர்ப் படம் எடுத்துத் திரும்புவோர் வீட்டில் சொல்லும் முதற்சொல் 'தேய்மானம்'. மொழியியல் பயின்ற எனக்கு இச்சொல்லின்மீது நெடுநாள் ஐயம் உண்டு. செருப்பு தேயும், சக்கரம் தேயும். இரண்டும் உயிரற்றவை, புழங்கப் புழங்கக் குறைபவை. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) அத்தகையதா?

மருத்துவமும் நெடுங்காலம் ஏறத்தாழ அவ்வாறே கருதியது. 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்துவதால் காலில் வலி பரவுகிறது என விளக்கினர். 1960களில் ஸ்வீடனின் நாக்கெம்சன், உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பாரமும் அழுத்தமுமே ஆய்வின் மொழியாயின.

அதே நாக்கெம்சன்தான் 1970இல் வேறொரு வினாவை எழுப்பினார்: வட்டு எதை உண்டு வாழ்கிறது? முதிர்ந்த வட்டின் நடுவே குருதிக்குழாய் இல்லை. நடுவிலுள்ள உயிரணுவுக்கும் அருகிலுள்ள குருதி நாளத்துக்கும் 8 மில்லிமீட்டர் வரை தொலைவு இருக்கலாம். முள்ளெலும்பின் தந்துகிகளிலிருந்து குளுக்கோஸ் முனைத்தட்டைக் கடந்து விரவல் முறையில் உள்ளே செல்லவேண்டும். லாக்டிக் அமிலம் அவ்வழியே வெளியேறவேண்டும். முனைத்தட்டு சுண்ணம் ஏறி இறுகினால் இவ்விரு போக்குவரத்தும் தடைப்படும்.

2001இல் ஹார்னரும் அர்பனும் ஆய்வகத்தில் இதைச் சோதித்தனர். ஆக்சிஜன் இன்றியும் வட்டின் உயிரணுக்கள் பல நாள் பிழைத்தன; குளுக்கோஸ் இன்றியோ அமிலம் மிகுந்தோ இருந்தபோது மடிந்தன. 2004இல் கோயம்புத்தூரில் ராஜசேகரன் குழுவினர், குருதியில் செலுத்திய ஒளிமாறுபாட்டுப் பொருள் வட்டுக்குள் நுழைவதை 24 மணிநேரம் வரை தொடர் எம்.ஆர்.ஐ. படங்களில் கண்டு, முனைத்தட்டின் பங்கை உயிருள்ள மனிதரிடமே காட்டினர்.

ஊட்டக்குறைவே எல்லாச் சிதைவுக்கும் காரணம் எனச் சொல்லிவிட முடியாது. மரபு, வயது, புகைப்பழக்கம், பாரம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் 1995இல் வெளிவந்த ஃபின்லாந்து இரட்டையர் ஆய்வில், உடலுழைப்பின் பாரம் சிதைவு வேறுபாட்டில் மிகச் சிறு பகுதியையே விளக்கியது; மரபும் குடும்பச் சூழலும் பெரும்பகுதியை விளக்கின.

'தேய்மானம்' என்னும் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது: நீ உழைத்தாய், ஆகவே தேய்ந்தாய். நாற்று நட்ட பெண்ணும் மூட்டை சுமந்த ஆணும் அத்தீர்ப்பை ஏற்று, இனி அசைந்தால் மேலும் தேயும் என அஞ்சி முடங்குகின்றனர். வட்டு உயிருள்ள திசு. அது உண்கிறது, பசிக்கிறது, நலிகிறது. ஆகவே 'வட்டு நலிவு' என்று சொல்லிப் பார்க்கலாமே. இதைவிடப் பொருத்தமான சொல் நண்பர்களிடம் இருந்தால் அறியத் தருக.