கூட்டு உலர்த்தல்

ஒரு பதார்த்தத்திலுள்ள நீரை ஒரே சாதனத்தைக் கொண்டு முற்றிலும் போக்க முயலாமல், பிழிதல், வெயில், வெப்பக்காற்று, வெற்றிடம் முதலிய வழிகளுள் இரண்டையோ மூன்றையோ ஒன்றன்பின் ஒன்றாகக் கையாண்டு போக்கும் முறைக்குக் கூட்டு உலர்த்தல் என்று பெயர். பழக்கம் மிகப் பழையது. அதன் காரணம் விளங்கியதோ இருபதாம் நூற்றாண்டில்தான். உடைத்த தேங்காயை முதலில் வெயிலில் வாட்டி, பிறகு சிரட்டை எரியும் சூளையில் ஏற்றி, ஏறக்குறைய 50 சதவீதமாக இருந்த ஈரத்தை 6 சதவீதத்துக்கு இறக்கும் கொப்பரைத் தொழிலாளர் எந்த நூலையும் படித்து அதைச் செய்தவர்களல்லர்.

ஆலைத் தொழில்களுள் இதனை முதலில் கைக்கொண்டவற்றில் காகிதம் ஒன்று. 1820-இல் இங்கிலாந்தில் தாமஸ் கிராம்ப்டன் என்பார் நீராவியால் சூடேறும் உலர்த்து உருளைகளுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், கொதிநிலையில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வெப்பம் செலவாகுமாதலால், பிழிந்து எடுக்கக்கூடிய நீரையெல்லாம் அழுத்து உருளைகளால் பிழிந்த பின்னரே காகிதம் சூட்டுக்கு அனுப்பப்படுகிறது. 1929-இல் அமெரிக்க அறிஞர் ஷெர்வுட், ஈரப்பொருளொன்று முதலில் ஒரே வேகத்திலும், மேற்பரப்பு வறண்ட பின் வரவரக் குறையும் வேகத்திலும் உலர்வதை ஆராய்ந்து விளக்கினார். முதற் கட்டத்துக்கு உகந்த கடுஞ்சூடு இரண்டாம் கட்டத்தில் எரிபொருளை வீணாக்குவதோடு பண்டத்தையும் கெடுக்கிறது.

திரவங்களைத் துளிகளாகத் தெளித்து உலர்த்தும் வழிக்கு 1872-இலேயே சாமுவேல் பெர்சி காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வழியில் பால்மா செய்த பிற்காலத்தார் அதைச் சற்றே ஈரமாகவே தெளிப்புக் கோபுரத்திலிருந்து இறக்கி, துளைத்தட்டின்மீது கீழிருந்து காற்று ஊதி, எஞ்சிய ஈரத்தை மெல்லப் போக்கினர்; எரிபொருளும் மிஞ்சியது, மாவும் நீரில் எளிதில் கரைந்தது.

நமக்கு நெருங்கிய உதாரணம் புழுங்கல் நெல். அவித்திறக்கிய நெல்லை ஒரே மூச்சில் காயவைத்தால், உமியை அடுத்த புறப்பகுதி வறண்டு சுருங்க, உள்ளீடு ஈரமாகவே நிற்பதால், அரிசியில் மயிரிழை போன்ற வெடிப்பு கண்டு, அரைவையில் பாதி நொய்யாகிவிடுவதும் உண்டு. ஆகையால் களத்தில் வேலை செய்வோர், நெல்லைக் காலால் துழாவிக் காயவிட்டு, இடையில் குவித்துச் சில மணி நேரம் ஆறப்போட்டு, உள்ளிருக்கும் ஈரம் புறத்தே பரவிய பின் மீண்டும் விரிப்பார்கள். எந்த நேரத்தில் குவிப்பது என்பதை மணிகளைப் பல்லில் கடித்துப் பார்த்தே தீர்மானித்தனர். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் கே. ஆர். பட்டாசாரியா முதலியோர் 1967-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஈரம் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே கேடு தொடங்குகிறதென்றும், அதற்குச் சற்று முன்னரே நிறுத்தி ஆறவிட வேண்டுமென்றும் நிர்ணயித்தது. பல்லுக்குத் தெரிந்ததற்கு எண் கிடைத்ததென்றே சொல்லலாம்.

உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தல், நுண்ணலை ஆகியவற்றை வெப்பக்காற்றோடு இணைக்கும் முறைகளும் இன்று வழக்கில் உள்ளன. அவற்றின் செலவை விலையுயர்ந்த பழமும் மருந்துமே தாங்கும். நெல்லைப் பொறுத்தவரை, குறுவை அறுவடையும் மழையும் ஒருங்கே வரும் மாதங்களில், முதல் ஈரத்தை இயந்திரத்தில் போக்கி, வெயில் கண்ட நேரத்தில் களத்தில் முடிப்பதே சிறு ஆலைகளுக்குக் கட்டுபடியாகும்.