ஆட்டக்காரர் தெரிவும் நடத்துநர் தீர்ப்பும்: பரமபதம் முதல் தாராவி வரை

முன்னுரை

தமிழில் 'விதி' என்னும் சொல் ஊழையும் குறிக்கும். ஆட்டத்தின் ஒழுங்குமுறையையும் குறிக்கும். ஆட்டம் என்பது இவ்விரு விதிகளுக்கும் ஆடுவோர் தெரிவுக்கும் இடையே நிகழ்வது. இம்மூன்றோடு நான்காவதாக ஒருவர் வந்து சேர்வது உண்டு. அவர் ஆடுவதில்லை, ஆட்டத்தை நடத்துகிறார். அவருடைய அதிகாரம் எவ்வாறு தோன்றியது, அது ஆட்டக்காரரின் தெரிவை வளர்க்கிறதா, வெறுமையாக்குகிறதா என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆட்டப் பலகைக்கு வெளியே இவ்வினா கொள்ளும் பொருள் மும்பைத் தாராவியை முன்வைத்து இறுதியில் எண்ணிப் பார்க்கப்படுகிறது.

நடுவர் இல்லா ஆட்டங்கள்

தமிழர் வீடுகளில் ஆடப்பெறும் பலகையாட்டங்களைத் தெரிவின் அளவுகொண்டு வகைப்படுத்தலாம். பல்லாங்குழியில் எந்தக் குழியின் காய்களை எடுத்துப் பரப்புவது என்பது முழுவதும் ஆடுபவர் கணக்கு. அங்கே தற்செயலுக்கு இடமில்லை. தாயத்தில் விழும் எண் ஊழைப் போன்றது. எந்தக் காயை நகர்த்துவது என்பது தெரிவு. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்பெறும் பரமபதத்தில் தெரிவே இல்லை. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் தாயக்கட்டையின் செயல். ஆயினும் பரமபதம் ஆடுவோர் எவரும் ஏமாற்றப்படுவதில்லை. தெரிவு இன்மை அங்கே வெளிப்படை. அதுவே அவ்வாட்டம் உணர்த்தவரும் பொருளுமாகும்.

இம்மூன்றிலும் நடுவர் இல்லை என்பது கருதத்தக்கது. விதி சிறியது, அனைவரும் அறிந்தது. ஐயம் எழுந்தால் ஆடுவோரே பேசித் தீர்த்துக்கொள்வர்.

நடுவரின் தோற்றம்

நடுவரின் வரலாறு சதுரங்கத்தின் வழிவந்தது. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி, நால்வர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தைக் குறிப்பிடுகிறார். அதில் எந்தக் காய் நகரலாம் என்பதைப் பகடை வரையறுத்தது. மேலைநாடு சென்ற சதுரங்கத்தை விரித்துச் செருமானியக் கணித ஆசிரியர் எல்விக் 1780இல் ஒரு போர் ஆட்டத்தை வெளியிட்டார். 1824இல் பிரசியப் படை அதிகாரி இளைய இரைசுவிட்சு போர் ஆட்டத்தை 1:8000 அளவுள்ள நிலப்படத்தின் மீது அமைத்தார். இரு தரப்பினரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தருவர். களத்தில் ஒருவர் கண்ணுக்கு எட்டக்கூடியதை மட்டுமே நடுவர் அவருக்குக் காட்டுவார். இழப்பைப் பகடையும் அட்டவணையும் கணக்கிடும்.

ஆட்டத்தின் முதல் பெரும் விவாதம் இங்கிருந்தே தொடங்குகிறது எனலாம். அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் தளர்ந்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்னும் படைத்தலைவர் அட்டவணைகளை நீக்கி, பட்டறிவுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதி நூலில் உள்ளதா, நடுவர் உள்ளத்தில் உள்ளதா என்னும் வழக்கு அன்றுமுதல் முடிவடையவில்லை.

நடுவர் நடத்துநர் ஆதல்

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெசுலி, 'பிரான்சுடைன்' என்னும் கற்பனை ஊரை அமைத்துப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். படைத்தலைவர்களுக்கு மட்டுமன்றி, ஊரில் வாழும் பிறருக்கும் ஆளுக்கொரு பாத்திரம் தந்தார். போர் தொடங்குமுன்பே ஆட்டக்காரர்கள் தத்தம் நோக்கப்படி சூழ்ச்சிகளில் இறங்கிவிட்டனர். ஆட்டம் கைமீறிப் போயிற்று என வெசுலி கருதினார். ஆடியவர்களோ மீண்டும் வேண்டும் என்றனர். அவருள் ஒருவரான டேவ் ஆர்னசன் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டை உருவாக்கினார். அவரும் கேரி கைகாக்சும் சேர்ந்து எழுதிய 'டஞ்சன்சு அண்டு டிராகன்சு' 1974இல் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று 'நான் இதைச் செய்கிறேன்' என்பர். விளைவை ஒருவர் அறிவிப்பார். அந்த முதல் நூல் அவரை நடுவர் என்றே சுட்டியது. 'டஞ்சன் மாசுடர்' என்னும் பெயர் பின்னர் வந்தது. நடுவர் என்பது தீர்ப்பவரைக் குறிக்கும். மாசுடர் என்பது உடையவரையும் குறிக்கும். பெயர் மாற்றத்தில் அதிகார மாற்றமும் அடங்கியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆட்டக்காரர்கள் நெடுநேரம் ஆராய்ந்து இடப்பக்கம் செல்கின்றனர். அங்கே கள்வர் வழிமறிக்கின்றனர். வலப்பக்கம் சென்றிருந்தாலும் நடத்துநர் அதே கள்வரை அங்கே நிறுத்தியிருப்பார். ஆட்டக்காரருக்கு வாய்த்தது தெரிவு அன்று, தெரிவின் தோற்றமே. இதனை ஆட்ட வழக்கில் 'தண்டவாளமிடுதல்' என்பர். இதற்கு மாற்றாக, 2009இல் வந்த 'பியாசுகோ' நடத்துநரையே நீக்கியது. 2010இல் வந்த 'அபோகலிப்சு வேர்ல்டு' நடத்துநர் பின்பற்றவேண்டிய நெறிகளை எழுதி வைத்தது.

முடிவு முன்னரே அமைந்திருப்பது குற்றமாகாது என்பதற்குத் தெருக்கூத்தே சான்று. திரௌபதி கூந்தல் முடிவாள் என்பதை அவையோர் அனைவரும் அறிவர். கட்டியங்காரன் இடைமறித்துப் பேசி, நகைத்து, அன்றைய ஊர்ச்செய்தியைக் கலந்தாலும் கதை முடிவு மாறாது. அம்முடிவு மறைக்கப்படாமையால் அங்கு வஞ்சனை இல்லை. பிழை முடிவில் இல்லை; முடிவை மறைத்துவிட்டுத் 'தெரிவு செய்க' என்பதில்தான் உள்ளது.

தாராவி

திட்டமிடுதலிலும் நடத்துநரும் ஆட்டக்காரரும் உள்ளனர். ஆயின் அங்கே தோற்பவர் மறுநாள் மீண்டும் ஆட இயலாது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் தலைமுறைகளாக வாழும் தாராவிக்கு 2004இல் மகாராட்டிர அரசு மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. 2022இல் அதன் ஏலம் அதானி குழுமத்திற்குச் சென்றது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. மேல்தளத்தாரும் பின்வந்தோரும் வேறிடம் செல்லவேண்டும் என்பது விதி. விதி எழுதப்பட்ட பின்னரே ஆட்டக்காரர் மேசைக்கு அழைக்கப்பட்டனர்.

இதற்கு மாறான முறையும் மும்பையில் உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான சோக்கின் அற்புதம் (1947–2018) நிறுவிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், 1980களில் பைக்குளா நடைபாதைப் பெண்கள் அமைத்த 'மகிளா மிலன்' அமைப்பும் மக்களே தம் வீடுகளைக் கணக்கெடுக்கச் செய்தன. முழு அளவு மாதிரி வீடுகளை எழுப்பி, அவற்றுள் நின்று பார்த்து அளவுகளைத் தீர்மானிக்கச் செய்தன. அங்கே தெரிவு முதலில் வந்தது. திட்டம் அதைத் தொடர்ந்தது.

முடிவுரை

நடத்துநரை நீக்குவதால் மட்டும் ஆட்டக்காரர் உரிமை பெறுவதில்லை. எழுதிய விதி எட்டாத இடத்தில் தீர்ப்பவர் ஒருவர் வேண்டும். அவர் தீர்ப்பு ஆட்டக்காரர் தெரிவுக்குப் பின்னே வரவேண்டும். தெரிவுக்கு முன்னரே முடிவு அமைந்திருப்பின் அதனை மறையாது சொல்லவேண்டும். பரமபதமும் கூத்தும் இந்நேர்மையை உடையன. இரு பாதைகளிலும் ஒரே கள்வரை நிறுத்தும் ஆட்டத்தில் அது இல்லை. வீட்டையும் தொழிலையும் பணயமாகக் கொண்ட தாராவி மக்களுக்கு அந்நேர்மை ஆட்டநெறி மட்டுமன்று, உரிமையும் ஆகும்.