இரத்த நிலவும் வட்டுக்கோட்டைக் கணக்கும்

'கடைசிக் காலம் வந்திட்டுது, மனந்திரும்புங்கோ' எண்ட ஒலிபெருக்கிக் குரலைக் கேட்டுத்தான் எங்களில் பலர் வளர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் அந்தக் குரலுக்கு இருநூறு வயது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் ஊழியம் தொடங்கினர். 1824இல் அவர்களது பள்ளிகளில் எழுப்புதல் பரவியது. பிள்ளைகள் நியாயத்தீர்ப்புக்கு அஞ்சி அழுது செபித்தார்கள்.

நிலவு இரத்தமாவது அந்த நாளின் அடையாளம் என்கிறது யோவேல் ஆகமம். ஆனால் அதே மிஷன் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரியில் வானியலும் படிப்பித்தார்கள். 1829 சந்திர கிரகணத்தின்போது அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்போடு டானியல் பூவரின் கணிப்பு மோதியது. பூவரின் நேரமே சரிவந்தது. நிலவு இருளும் நேரத்தைக் கணக்கிடலாம். கடைசி நாளையோ பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்கிறது மத்தேயு 24.

1995 இடப்பெயர்வை 'எங்கட பாவத்துக்கு வந்த தண்டனை' எண்டு சொல்லுற பெரியாக்களையும் கண்டிருக்கிறம். குண்டு போட்டது மனிசர். அப்ப மனந்திரும்ப வேண்டியது ஆர்?

ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்தது ஏழைகளை மிதித்தவர்களை. வீடிழந்து நடந்தவர்களிட்ட அவர் கணக்குக் கேட்டிருக்கமாட்டார். நாங்களும் கேட்கக்கூடாது.