பவர்

“அப்பிச்சி பவர் எழுதிக் குடுத்துட்டாருங்க, இனி நெனவு தப்பிப் படுத்தாலும் கவலையில்லீங்க” என்றார் சத்தியமங்கலத்தில் ஒருவர். எனக்குப் பதறியது. பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவரும் பொதுவாக முடிந்துபோகும். ‘பவர்’ என்ற சொல்லின் மிடுக்குதான் ஏமாற்றுகிறது. பழைய பத்திரங்களில் இது முக்தியார் நாமா. ‘முக்தார்’ அரபு: தேர்ந்தெடுக்கப்பட்டவர். ‘நாமா’ பாரசீகம்: எழுத்து. முக்திக்கும் இதற்கும் உறவில்லை. ‘அதிகாரப் பத்திரம்’ என்றானதும் தெரிவு மறைந்து ஆட்சி முன்னால் வந்துவிட்டது. நினைவு தப்பியவருக்காக நீதிமன்றம் தரும் பொறுப்புக்கோ வேறு பெயர்: 2024இல் கோமாவிலிருந்த கணவரின் சொத்தைக் கவனிக்க மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் கார்டியனாக நியமித்தது. கார்டியனைத் தமிழில் காப்பாளர் எனலாம், என் மனம் ‘பொறுப்பாளர்’ பக்கம். பொறுத்தல் என்றால் சுமை தாங்குதல். பொறுமையும் அதே வேரில் பிறந்ததுதான்.